கண்டாக்கு வீட்டுக்குப் போன மலர்வளையம்

மலர்வளையத்தைத் தூக்கிக்கொண்டு நான் போய் நின்ற வீட்டில் யாரும் சாகவில்லை. யார் இறந்துபோனதாக நினைத்து நாங்கள் மலை ஏறி வந்தோமோ, அந்தக் கண்டாக்கு ஐயாவே கையில் தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்து, "யாருங்க நீங்கள்லாம்? என்ன விசயம்?" என்று கேட்டார். எனக்குப் பின்னால் ஒரு பஸ் நிறைய வெள்ளை உடுப்பு. அந்த நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது.

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேட்சில் ஒருவருடைய தாயோ தகப்பனோ இறந்துவிட்டால், பரீட்சை இருந்தாலும் மழை கொட்டினாலும் எல்லோரும் பஸ் பிடித்துப் போயாக வேண்டும். தமிழர், சிங்களவர், முஸ்லிம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. அதில் எனக்கு இன்றும் பெருமைதான். பெருமைப்பட ஒன்றுமில்லாத இன்னொரு வழக்கமும் இருந்தது. முதல் வாரத்தில் சீனியர்கள் எங்களை வரிசையாக நிறுத்தி, பெயர், ஊர், அப்பாவின் தொழில் என்று கேட்பார்கள். சொல்லும் பதிலிலிருந்து ஒரு பட்டப்பெயர் பிறக்கும். பிறகு படிப்பு முடியும் வரை அதுதான் பெயர், பெற்றவர்கள் வைத்ததெல்லாம் வருகைப் பதிவுக்கு மட்டும். என் வாப்பா ஹட்டனில் பலசரக்குக் கடை வைத்திருந்ததால் நான் 'பருப்பு' ஆனேன்.

எனக்கு அடுத்து நின்றவன் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்துப் பையன். "எங்கப்பா கண்டாக்குங்க" என்றான். கிழக்கிலிருந்து வந்த ஒரு சீனியர், பஸ் கண்டக்டரா என்று கேட்டுச் சிரித்தார். "இல்லீங்க, தோட்டத்துல வேலைய மேப்பார்வ பாக்குறவரு. தனி பங்களா குடுத்திருக்காங்க" என்று இவன் விளக்கினான். அன்றிலிருந்து அவன் 'கண்டாக்கு'. விடுதியில், நூலகப் படியில், கிரிக்கெட் மைதானத்தில் எல்லா இடத்திலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கத்துவோம். கூப்பிட்டவுடன் திரும்பிப் பார்ப்பான்.

மூன்று வருடம் நாங்கள் ஒரே அறையில் இருந்தோம். லீவுக்கு ஒரே பஸ்ஸில் ஹட்டன் வரை வருவோம். எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் அவன் அடுத்த பஸ் ஏறுவான். உம்மா அவனுக்குப் பெருநாள் வட்டிலப்பத்தை எடுத்து வைத்துக் கொடுப்பார். ஒருநாளும் அவன் என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. கேட்டால், "எங்க வீடு ரொம்ப மேல மச்சான். வாகனம் போவாது" என்பான். கண்டாக்கு பங்களாவுக்கு வாகனம் போகாமல் இருக்குமா என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோட்டத்துச் சனங்களுக்குச் சாமான் நிறுத்துக் கொடுத்து வளர்ந்தவன் நான். தோன்றவில்லை.

அவன் அப்பா இறந்த செய்தி காலையில் தொலைபேசியில் வந்தது. பையில் உடுப்பைத் திணித்துக்கொண்டே, "நீங்க யாரும் வர வேணாம் மச்சான். ரொம்ப தூரம்" என்றான். துக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், அதற்காகப் போகாமல் இருந்துவிட முடியுமா என்று பேட்சே பேசி முடிவெடுத்தது. அந்தப் பக்கத்து ஆள் என்று என்னைத்தான் பஸ்ஸின் முன்சீட்டில் உட்கார வைத்தார்கள்.

தோட்டத்து எல்லையில் கொழுந்துக் கூடையோடு நின்ற பெண்களிடம், "கண்டாக்கையா வீடு எங்கங்க?" என்று கேட்டேன். சாவு வீடு எங்கே என்று கேட்டிருந்தால் கீழே கை காட்டியிருப்பார்கள். நான் கேட்ட கேள்விக்கு மேலேதான் காட்டினார்கள். ஏறும்போது கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கமிருந்து சாவுக்கு அடிக்கும் தப்புச் சத்தம் கேட்டது. "அங்கயும் யாரோ மௌத்து போல" என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னேன்.

பங்களா வாசலில் நான் நண்பனின் பெயரையும் அவன் அப்பாவின் பெயரையும் சொன்னேன். கண்டாக்கு ஐயா என்னைப் பார்த்தார், மலர்வளையத்தைப் பார்த்தார், பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார். அதற்குள் பின்னால் நின்ற ஒருத்தி, "கண்டாக்கோட அப்பா வீடு இதுதானே?" என்று கேட்டுவிட்டாள். அவருக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். கோபப்பட்டு எங்களைத் திட்டியிருக்கலாம். தன் பதவியை எடுத்து வைத்துக்கொண்டவன் யாரென்று கேட்டுச் சிரித்திருக்கலாம். அவர் கோப்பையைத் திண்டில் வைத்துவிட்டு, "வழி மாறி வந்துட்டீங்க. அவரும் முந்தி நம்ம தோட்டத்துல கண்டாக்கா இருந்தவருதான். வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். டிரைவரிடம் சிங்களத்தில் பஸ்ஸை எங்கே திருப்புவதென்று சொல்லிவிட்டு, சப்பாத்தை மாட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார்.

அவனுக்காக அவர் சொன்ன அந்தப் பொய் லயத்தைத் தாண்டவில்லை. ஒற்றை அறை வீடு, வாசலில் கட்டிய படங்குத் துணிக்குக் கீழே உடம்பைக் கிடத்தியிருந்தார்கள். யாரும் கேட்காமலே ஒரு பெரியவர், "கவ்வாத்து வெட்டிக்கிட்டு இருக்கும்போதே நெஞ்சப் புடிச்சிக்கிட்டு சாஞ்சிட்டாரு தம்பி" என்று என்னிடம் சொன்னார். தேயிலைச் செடியைக் கத்தியால் கழித்துவிடும் கூலி வேலை அது. அதற்கு மேல் எங்களில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. நண்பனின் அம்மா எங்களைக் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டு, "கேம்பஸ் புள்ளைங்கல்லாம் வந்திருக்காங்களே, எந்திரிச்சிப் பாருங்களேன்" என்று அழுதார். அவன் எங்களைப் பார்க்கவில்லை. எங்களுக்கு முன்னால் நின்ற கண்டாக்கு ஐயாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா செத்த அன்று ஒரு மகனுக்கு அழக்கூட விடாத வெட்கத்தை நாங்கள் பஸ் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

திரும்பும் வழியில் பஸ் கினிகத்தேனைக்குக் கிட்ட வந்தபோது ஒரு தோழி எழுந்து, "இனி அவனை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது" என்றாள். எல்லோரும் சரியென்றோம். நல்ல காரியம் செய்துவிட்டதாக மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது. எனக்கும் வந்தது, அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

கருமாதி முடித்து, மொட்டைத் தலையோடு வந்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்றினோம். கேன்டீனில் நான் பருப்பு, ஒருவன் ஆமை, ஒருத்தி வெங்காயம். அவனை மட்டும் விரிவுரையாளர் மாதிரி முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். அவன் வந்தால் கதிரை தள்ளிக் கொடுத்தோம், பகிடியை நிறுத்தினோம். ஒருநாள் அறையில் கட்டிலில் உட்கார்ந்தபடி கேட்டான்:

"மச்சான், என்னைய மட்டும் ஏன் எல்லாரும் பேர் சொல்லிக் கூப்பிடுறீங்க?"

"சும்மாதான்" என்றேன்.

"நான் பொய் சொன்னது தப்புதான்டா. அதுக்கு ஏசுங்க, நாலு அடி வேணும்னாலும் அடிங்க. இப்புடி மரியாத மட்டும் குடுக்காதீங்க."

மறுநாளும் அவனை முழுப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். நாக்கு அதற்கே பழகியிருந்தது. கடைசி வருடம் அவன் வேறு அறைக்கு மாறிக்கொண்டான்.

அதே பல்கலைக்கழகத்தில்தான் இப்போது நான் கற்பிக்கிறேன். அவன் நுவரெலியாவில் நல்ல வேலையில் இருக்கிறான். பேட்ச் ஒன்றுகூடல் எதற்கும் அவன் வந்ததில்லை. சென்ற வருடம் ஹட்டனில் வாப்பா மௌத்தானபோது, எங்களில் அன்றே அடக்கிவிடுவதால் பேட்சுக்கு வந்து சேர நேரம் கிடைக்கவில்லை. வந்தது அவன் ஒருவன்தான். வெள்ளைச் சட்டை, தலை நரைத்திருந்தது. கேட்டுக்கு வெளியே நின்று, கைகளை விரித்து, "மச்சான்" என்று கூப்பிட்டான்.

நான் ஓடிப்போய் அவனைக் கட்டிப் பிடித்திருக்க வேண்டும். கேட்டைத் திறந்து, ஒதுங்கி நின்று, "வாங்க" என்றேன்.