பின்வாசலுக்குப் போன அடுப்பு

ஒன்றிலேயே நிற்கிற மனசு எனக்கு வாய்க்கவில்லை. கேமரா, புறா, பழைய ரேடியோ என்று தாவித் தாவி, நாற்பத்தெட்டாம் வயதில் கடலில் வந்து விழுந்தேன். ஓசூரில் கடல் ஏது? உப்பைக் கலந்து நானே உண்டாக்கிக்கொண்டேன். கூடத்தில் நான்கடிக் கண்ணாடித் தொட்டி. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள். காற்றே இல்லாமல் காற்றில் ஆடுவதுபோல் ஆடும் பவளங்கள்.

தொட்டிக்குக் கீழே ஒரு ஸ்கிம்மர். அதன் பம்பு தண்ணீரோடு காற்றையும் இழுத்துப் பொடிக்குமிழ்களாக அடிக்கும். தண்ணீரில் கரைந்த அழுக்கு குமிழில் ஒட்டி, நுரையாக ஏறி, மேலே இருக்கும் கிண்ணத்தில் வழியும். இதை விளக்க நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது என் மனைவி ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

"வெல்லம் காச்சறப்ப மேல வர்ற அழுக்கு நொரைய அள்ளி எறிவாங்களே, அதானுங்க?"

அவள் பாரூர்ப் பக்கம். கரும்பு தெரிந்தவள்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் நுரை நின்றுபோனது. பம்பு ஓடியது, குமிழும் வந்தது, ஆனால் வந்த குமிழெல்லாம் வெறும் தண்ணீரில் உடைவதுபோல் பட்பட்டென்று உடைந்தது. கிண்ணம் காய்ந்து கிடந்தது. இரண்டே நாளில் பவளங்கள் மூடிய கைகளாகச் சுருங்கிவிட்டன. மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

தொழிற்சாலையில் நான் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். இயந்திரம் நின்றால் எங்களுக்கு ஒரு தாள் உண்டு, 'ஒய்-ஒய்' என்போம். ஐந்து கட்டம், ஐந்து 'ஏன்'. ஏன் நின்றது, அது ஏன், அதுவும் ஏன் என்று கேட்டுக்கொண்டே இறங்கினால் கடைசிக் கட்டத்தில் மூல காரணம் உட்கார்ந்திருக்க வேண்டும். எழுதப்படாத இன்னொரு விதியும் உண்டு: கடைசிக் கட்டத்தில் எவனும் தன் டிபார்ட்மென்ட் பெயரை எழுத மாட்டான். நாங்கள் புரொடக்‌ஷன் என்று எழுதுவோம். அவர்கள் எங்களை எழுதுவார்கள்.

வீட்டிலும் அந்தத் தாளைத்தான் எடுத்தேன். பம்பின் சக்கரத்தை வினிகரில் ஊறவைத்துச் சுண்ணாம்பைச் சுரண்டினேன். காற்று நுழையும் துளையில் படிந்த உப்பை ஊசியால் குத்தி எடுத்தேன். ஸ்கிம்மருக்கு அடியில் டைல்ஸ் துண்டு வைத்து உயர்த்தினேன், இறக்கினேன். எதற்கும் அசையவில்லை. பழுது பார்க்கிறவனின் முதல் கேள்வி, புதிதாக என்ன மாறியது என்பது. அதை என்னிடம் கேட்டுக்கொள்ளாமல் அவளிடம் கேட்டேன்.

"புதுசா என்ன? முறுக்கு ஆர்டருதான்."

ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்கள் தெருவுக்கே அவள்தான் முறுக்கு சுடுவாள். சமையலறையை ஒட்டித்தான் கூடம். எண்ணெய்ப் புகையாக இருக்குமோ என்று இழுத்தேன். அவள் முகம் வாடிவிட்டது. நான் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, அவளே சொன்னாள்.

"ஆமாங்க. பாகு பொங்கி வந்தா ஒரு சொட்டு எண்ணெ உடுவாங்க, நொர அப்பிடியே அடங்கிரும். அய்யோ, நாந்தான் பண்ணிட்டனா?"

கடைசிக் கட்டத்தில் 'சமையலறை' என்று எழுதினேன்.

மறுநாளே அடுப்பும் சிலிண்டரும் பின்வாசலுக்குப் போயின. ஒரு முழம் சன்ஷேடுக்கு அடியில், தூறலில், குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் முறுக்கு பிழிந்தாள். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரப் பெண் மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள்.

"ஏனக்கா, மனெயிந்த ஆச்சே ஹாக்பிட்ரா?"

"என்னையத் தொரத்தல, அடுப்பத்தான் தொரத்திட்டாரு. மீனுக்குப் பொகை ஆவாதாம்!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தீபாவளி முடிந்து இரண்டாவது வாரம், தொழிற்சாலையில் ஒரு இயந்திரத்தின் காற்றுக்குழாயை மாற்றிக்கொண்டிருந்தேன். நீல பிளாஸ்டிக் டியூப். அடைப்பு இருக்கிறதா என்று ஒரு முனையில் ஊதினேன். மறுமுனைக்கு நேரே பிடித்திருந்த உள்ளங்கையில் எண்ணெய் பொட்டுப் பொட்டாகத் தெறித்தது. இந்த இயந்திரங்களில் காற்றோடு சொட்டுச் சொட்டாக எண்ணெயைக் கலந்துதான் அனுப்புவோம், உள்ளே உராயாமல் இருக்க. இருபத்து மூன்று வருடமாக அந்தச் சொட்டு விழுவதைப் பார்க்கிறேன்.

கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஸ்கிம்மரின் காற்று டியூப் வெடித்திருந்தது என்று, இதேபோல் கழற்றிப்போட்ட நீலத் துண்டு ஒன்றை டிபன் பையில் போட்டுக்கொண்டு போய் மாட்டினவன் நான். வீட்டில் ஒரு பொருள் பழுதானால் கடைக்குப் போவது எங்கள் ஆட்களுக்குக் கௌரவக் குறைச்சல். அதை மாட்டியதும் முறுக்கு ஆர்டர் தொடங்கியதும் ஒரே வாரம்.

எண்ணெய்தான். ஆனால் அவளுடைய எண்ணெய் இல்லை.

அன்று மாலை, அவள் பின்வாசலில் குழம்பு கொதிக்கவைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, நீல டியூப்பை உருவிவிட்டுப் புது சிலிகான் டியூப்பைச் செருகினேன். ஸ்கிம்மரை வெந்நீரில் கழுவினேன். பாதித் தண்ணீரை மாற்றினேன். நீலத் துண்டைக் குப்பையில் போடக்கூடத் துணிவில்லாமல் பைக் பெட்டியில் ஒளித்துக்கொண்டு போனேன்.

மூன்றாம் நாள் காலை அவள்தான் முதலில் பார்த்தாள். "ஏங்க! ஓடியாங்க! நொர வந்துருச்சு!" கிண்ணத்தில் பழுப்பாக, தடிப்பாக, நுரை வழிந்துகொண்டிருந்தது. "நாஞ் சொல்லல? அடுப்பு வெளிய போயிருச்சுல்ல, மெல்ல மெல்ல எப்பிடி வருது பாருங்க!" ஒரு பிழையை உடம்பால் உழைத்துச் சரிசெய்துவிட்டவளின் மலர்ச்சி அந்த முகத்தில்.

அப்போது சொல்லியிருக்கலாம். "ஆமா" என்றேன்.

மார்கழி வந்தது. ஓசூர்க் குளிர் தெரிந்தவர்களுக்குத் தெரியும், எதிர்வீடு தெரியாத பனி. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அந்தப் பனிக்குள்தான் அவள் டீ போட்டாள். பவளங்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. அவளுக்கு இருமல் பிடித்தது. அடுப்பை உள்ளே கொண்டுவந்துவிடலாமே என்று பட்டும்படாமல் கேட்டுப் பார்த்தேன். "வேணாங்க, பாவம், வாயில்லா ஜீவன்" என்றாள். எனக்கு வாய் இருந்தது. அவள் நீட்டிய டீயைக் குடிக்க அதைப் பயன்படுத்தினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. காற்று அடித்து அடித்து அடுப்பை அணைத்தது. காற்றுக்கு முதுகைக் கொடுத்து, தன் உடம்பையே மறைப்பாக வைத்துக்கொண்டு அவள் களி கிண்டிக்கொண்டிருந்தாள். இருமல் வந்தது, கிண்டுவதை நிறுத்தாமலே இருமினாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"தப்பு உன்னோடது இல்ல. நான் மாட்டின டியூப்புல எண்ணெ இருந்துச்சு. ஃபேக்டரி டியூப்பு."

துடுப்பு நின்றது. "எப்பத் தெரிஞ்சுது?"

"நேத்துதான்."

எப்படி வந்தது அந்தச் சொல் என்று இன்றுவரை தெரியவில்லை. அவள் என்னையே பார்த்தாள். பிறகு மதில் பக்கம் திரும்பிக் கத்தினாள்: "அக்கா, கேட்டீங்களா கூத்த! ஊரு மிசினெல்லாம் ரிப்பேரு பாக்கறவருக்கு ஊட்டுல ஒரு டியூப்பு பாக்கத் தெரீல!" மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பெரிய சிரிப்பு வந்தது.

"நின்னுட்டு இருக்காதீங்க, அந்தப் பக்கம் புடிங்க" என்றாள். களியை இறக்கிவைத்து, அணைத்த அடுப்பை ஆளுக்கொரு முனையாகத் தூக்கினோம். வாசற்படி தாண்டும்போது, பின்னோக்கி நடந்துகொண்டே, பொய்க்கோபமாகச் சொன்னாள்:

"நேத்தே சொல்லியிருக்கலாமில்ல? இன்னிக்குக் காலையில அந்தப் பனியில நின்னுருக்க மாட்டேன்."

"மன்னிச்சுக்கம்மா" என்றேன். அந்த ஒரு காலைக்கு மட்டும்.