மின்வேலிக்காகப் போன மின்னஞ்சல்

நெல் பால் பிடித்திருந்த நேரம். எங்கள் வயலோரத்து யானை மின்வேலி ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. முந்தின கிழமைதான் யானைகள் அதற்குள்ளால் புகுந்து பக்கத்து வயலை மிதித்துவிட்டுப் போயிருந்தன. வேலியைத் திருத்தித் தரும்படி, ஒட்டுசுட்டானில் எங்கள் கமக்காரர் அமைப்பின் செயலாளராக இருக்கும் அன்ரி, வனசீவராசிகள் அலுவலகத்துக்கு இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பினார். இரண்டுக்கும் ஒரே பதில்: எழுத்துகளை வாசிக்க முடியவில்லை, மீண்டும் அனுப்பவும்.

"என்ரை கம்பியூட்டரிலை வடிவாத் தெரியுதே. வாறதுக்குப் பஞ்சி, அதுதான் சாட்டுச் சொல்லினம்," என்றார் அன்ரி.

கணினி படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நான் துள்ளிக்கொண்டு போனேன். இது என்கோடிங், அதாவது எழுத்துக் குறியாக்கப் பிரச்சினை, உடனே முடிந்துவிடும் என்று வாக்கும் கொடுத்துவிட்டேன். அந்த மின்னஞ்சலை எனக்கு அனுப்பச் சொல்லி என் மடிக்கணினியில் திறந்தால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு குவியல். பட்டியலில் இருந்த என்கோடிங் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஓர் எழுத்துக்கூட அசையவில்லை.

"உதைத்தான் கம்பஸிலை படிச்சனீயோ?" தேத்தண்ணியை வைத்துவிட்டு அன்ரி போய்விட்டார்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. குவியலை உற்றுப் பார்த்தேன். ahid என்று ஒன்று வரிக்கு வரி வந்தது. பள்ளியில் தமிழ் தட்டிப் பழகிய விரல்கள் தாமாகவே அந்த விசைகளுக்குப் போயின. யானை! கதிரையிலிருந்து எழும்பியே விட்டேன்.

அன்ரி தட்டியது பாமினியில். கணினியில் பதிவது வெறும் ஆங்கில எழுத்து. பாமினி எழுத்துரு அதற்குத் தமிழ் உடுப்பு மாட்டிக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உடுப்புக் கழன்றுவிடும். என்கோடிங்கை எத்தனை தரம் மாற்றினாலும் a எப்போதும் a தான். அலுவலகத்தார் சொன்னது சாட்டு இல்லை.

பாமினியை யூனிகோடாக்கும் இணையப் பக்கம் ஒன்றில் முழுவதையும் ஒட்டி மாற்றினேன். முதலில் என் கைபேசிக்கு அனுப்பினேன். தமிழ் சுத்தமாகத் தெரிந்தது. பிறகுதான் அலுவலகத்துக்கு.

மத்தியானமே அழைப்பு வந்தது. வேலி எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று கேட்டு, மறுநாள் ஆட்களை அனுப்புவதாகச் சொன்னார்கள்.

நான் எழுத்துருவுக்கும் என்கோடிங்குக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கத் தொடங்கினேன். அன்ரி ஒரு கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, பக்கத்து வயல்காரருக்குப் போன் எடுத்தார்.

"ஓம், நாளைக்கு வருகினம். அவை நிண்டு வேலி திருத்த இடம் வேணும், வேலிக்கரைப் பத்தையளை இண்டைக்கே வெட்டிவிடுங்கோ."