பையின் இன்னொரு காது

பூனாவின் போபோடியில் ரயில் பாதையை ஒட்டிய அந்தச் சந்தில் யார் வீட்டில் பருப்பு தீர்ந்தாலும், கடைக்குப் போகுமுன் பவுன் வீட்டு வாசலில் நின்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவார்கள். "இப்ப வாங்கலாமா, பொறுக்கலாமா?" என்பதுதான் கேள்வி. பவுன் சற்று யோசித்து, "அடுத்த வாரம் வெல எறங்கும். அதுவரைக்கும் பாசிப்பருப்பப் போட்டு ஓட்டு" என்பாள். பெரும்பாலும் அப்படியே இறங்கும்.

தர்மபுரிப் பக்கத்திலிருந்து சின்னதுரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். சின்னதுரை பிறந்து வளர்ந்ததெல்லாம் பூனாவில்தான். கட்கியில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. பவுன் வந்த புதிதில் அவளுக்கு ஒரு வார்த்தை இந்தி தெரியாது. கடைத்தெருவில் நின்று நின்றே கற்றுக்கொண்டாள். அதனால் அவளுடைய இந்தியில் விலை கேட்பதற்கும் குறைப்பதற்கும், "போன தடவை கல் இருந்தது" என்று சண்டை பிடிப்பதற்கும் தேவையான சொற்கள் மட்டும் சரளமாக இருந்தன. சந்தில் ஐந்தாறு வீடுகளைச் சேர்த்து, கட்கி பஜாரில் இர்பான் பாயின் மளிகைக் கடையில் மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்ளும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தவளும் அவள்தான். அரிசியும் பருப்பும் சுமக்க, கூடாரத் துணியில் மிஞ்சிய துண்டுகளைத் தையல்காரரிடம் கொடுத்து ஒரு கித்தான் பை தைத்து வைத்திருந்தாள். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கும்படி நீளமான இரண்டு காதுகள் அதற்கு.

முதல் தடவை வயிற்றில் தங்கியபோது அவளுடைய சிக்கனம் இரண்டு மடங்கானது. பிள்ளை வந்தால் செலவு வருமே என்று எல்லாவற்றிலும் பிடித்தாள். சாயங்காலம் கடை கட்டும் நேரத்தில் காய்கறிக்குப் போனாள். பழைய சேலைகளைக் கிழித்துத் துவைத்துத் தொட்டில் துணியாக மடித்து வைத்தாள். பஜாரிலிருந்து ரிக்‌ஷாவில் வராமல், பையைச் சுமந்துகொண்டு நடந்தே வந்தாள். மிச்சமானதை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டாள்.

ஏழாம் மாதம் தொடங்கியிருந்தது. ஒரு நாள் பையோடு வந்து வாசற்படியில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பெண் குழந்தை. மூச்சு இல்லை.

ரத்தக் கொதிப்பு ஏறி நச்சுக்கொடி முன்னாலேயே பிரிந்துவிட்டது, சுமை தூக்கியதால் வந்ததல்ல என்று டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். சின்னதுரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் துக்கம் கேட்க வந்த ஒருத்தி, போகிற போக்கில், "ஒரு ரிக்‌ஷா புடிச்சு வந்திருக்கக் கூடாதாடி?" என்றாள். டாக்டரம்மா சொன்னது ஒன்றும் பவுனின் காதில் நிற்கவில்லை. இது நின்றது.

குழந்தையின் முகத்தை அவள் பார்க்கவில்லை. மயக்கம் தெளிவதற்குள் சின்னதுரையும் அவனுடன் வேலை பார்க்கும் கேஷவும் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள். எங்கே, எப்படி என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

சில மாதங்கள் கழித்து மறுபடியும் பஜாருக்குப் போகத் தொடங்கினாள். அப்போதுதான் அது நடந்தது. பட்டப்பகல். ரயில் பாதையோரம் நடந்து வந்துகொண்டிருந்தாள். பையின் இரண்டு காதுகளையும் சேர்த்துப் பிடித்திருந்த கை வலிக்க, ஒன்றை நழுவவிட்டாள். பை சாய்ந்து தரையில் இடித்திருக்க வேண்டும். இடிக்கவில்லை. நழுவிய காது விறைத்து நின்றது. பாரம் பாதியானது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், தவழ்கிற குழந்தை எட்டிப் பிடித்ததுபோல, யாரோ அந்தப் பக்கத்தைப் பிடித்திருந்தார்கள்.

பவுன் திரும்பிப் பார்க்கவில்லை. பயமாக இருந்தது. பார்த்தால் போய்விடுமோ என்றும் இருந்தது. சந்து முனை வந்ததும் பை கனத்துத் தொங்கியது.

எல்லாத் தடவையும் அப்படி ஆகாது. சில வாரம் ஒன்றுமே இருக்காது. ஆனால் ஒரு காதை நழுவவிட்டபடி நடப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. வருஷங்கள் போகப் போக இன்னொன்றையும் கவனித்தாள். அந்தப் பிடியின் உயரம் ஏறிக்கொண்டே வந்தது. முதலில் கணுக்காலருகே, பிறகு முழங்காலுக்கு. இப்போது கிட்டத்தட்ட அவள் இடுப்புக்குப் பக்கத்தில். இருந்திருந்தால் நாலு வயது முடிந்திருக்கும்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மறுபடியும் உண்டானபோது சந்தே சந்தோஷப்பட்டது. பவுனுக்கு மட்டும் வயிற்றைத் தொடவே நடுக்கமாக இருந்தது. தூக்கிக்கொண்டு கூட வருகிறவளுக்கு இது தெரியாமலா இருக்கும்? அவள் என்ன நினைப்பாள்? தனக்குக் கிடைக்காதது இதற்கு மட்டும் ஏன் என்று நினைக்க மாட்டாளா? பவுன் பையைச் சுவரில் ஆணியில் மாட்டினாள். கடைக்குப் போவதை அடியோடு நிறுத்தினாள்.

சின்னதுரை கடைக்குப் போனான். ஷிப்டு முடிந்து வரும் வழியில், கண்ணாடிக் கதவு போட்ட கடையில் பளபளவென்று பாக்கெட்டில் கட்டியிருப்பதையெல்லாம் எடுத்துக்கொண்டு வந்தான். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று, வீட்டுக்கு வேண்டாத சாஸ் பாட்டில் இரண்டு வந்தன. பிறக்கப்போகிற பிள்ளைக்கென்று வாசனைப் பவுடரும் சோப்பும் பெரிய டப்பாவில் வந்தன.

"இத யாருங்க வாங்கச் சொன்னது?"

"இருக்கட்டும் பவுனு. புள்ளைக்குத்தானே."

"புள்ளைக்கு நீ மிச்சம் புடிக்கணும், செலவழிக்கக் கூடாது" என்று கோபத்தில் ஒருமையில் சொல்லிவிட்டாள். சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மிச்சம் பிடி என்ற சொல்லைக் கேட்டாலே தனக்கு உடம்பு பதறுகிறது என்பதை அவனிடம் எப்படிச் சொல்வது? செலவழித்தால் வயிறு எரிந்தது. மிச்சம் பிடித்தால் குலை நடுங்கியது. மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் மட்டும் கணக்குப் பார்க்காமல் கொடுத்தாள்.

சந்துப் பெண்களின் கூட்டுக் கொள்முதலும் குலைந்தது. பக்கத்து வீட்டு எஸ்தர்தான் ஒரு நாள் வந்து நின்றாள். அருகிலிருக்கும் ஔந்தில் இரண்டு வீடுகளில் சமையல் வேலை செய்பவள். அந்தச் சந்திலேயே பிறந்தவள்.

"பவுனு, அந்த இர்பான் பாய் என்னைப் பார்த்தாலே வெலய ஏத்துறான்டி. நீ வந்து பேச மட்டும் செய். போறப்போ மெதுவா நடக்கலாம். பிஷ்வி நான் தூக்கறேன். வர்றப்போ வேணும்னா ரிக்‌ஷா." பையை அவள் எப்போதும் மராத்தியில் பிஷ்வி என்றுதான் சொல்வாள். சொல்லிக்கொண்டே ஆணியிலிருந்த கித்தான் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பவுன் அந்தப் பையைப் பார்த்தபடியே செருப்பை மாட்டிக்கொண்டாள்.

இர்பான் பாய் அவளைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "எங்கே போயிட்டீங்க பாபி? உங்களோட சண்டை போடாம எனக்கு வியாபாரமே ருசிக்கல" என்றார் இந்தியில். அவருக்கு அவள் எப்போதும் பாபி, அண்ணி முறை. பவுன் பருப்பை உள்ளங்கையில் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். பழைய சரக்கு என்றாள். அவர் புதிய மூட்டையைப் பிரித்தார். வெகு நாளைக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது.

திரும்பும்போது ரிக்‌ஷா ஒன்றும் உடனே கிடைக்கவில்லை. எஸ்தர் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். பவுன் இரண்டு கைகளாலும் வயிற்றை அணைத்தபடி நாலடி பின்னால் வந்தாள். ரயில் பாதையோரம் திரும்பியதும் எஸ்தர் ஒரு கையை உதறிவிட்டுக்கொள்வதற்காகப் பையின் ஒரு காதை விட்டாள்.

"ஏய், நீ ஏன்டி புடிக்கிற? உடு. மாசமா இருக்கறவ" என்றாள் திரும்பாமலேயே.

பவுன் நின்றுவிட்டாள். "நான் புடிக்கலக்கா."

எஸ்தர் திரும்பிப் பார்த்தாள். பவுனின் கைகள் வயிற்றின் மேல் இருந்தன. பையின் அந்தக் காது விறைத்து நின்றது. எஸ்தர் பையைக் கீழே வைக்கவும் முடியாமல், பிடித்திருக்கவும் முடியாமல், "கர்த்தரே, கர்த்தரே" என்று முணுமுணுத்தாள்.

பவுனுக்கு ஏனோ அந்தக் கணத்தில் பயம் விட்டுப்போயிற்று. இத்தனை வருஷமும் தன் மனப்பிராந்தி என்று ஒரு மூலையில் சந்தேகம் இருந்தது. அது இல்லை என்றானதும், தன் பிள்ளை பாரம் தூக்குகிறாள் என்பது மட்டும்தான் மிஞ்சியது. அவள் கிட்டே போய், காதின் பக்கமாகக் கொஞ்சம் குனிந்தாள்.

"போதும்மா. உட்டுடு. கை வலிக்கும்."

காது தளர்ந்தது. பை சாய்ந்து தரையில் உட்கார்ந்தது.

எதிரே வந்த ரிக்‌ஷாவைக் கையைக் காட்டி நிறுத்தினாள். வண்டிக்காரன் வாய்க்கு வந்த வாடகையைக் கேட்டான். பவுன் பேரம் பேசவில்லை. வழியில் எல்லாவற்றையும் எஸ்தரிடம் சொன்னாள். எஸ்தர் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு வந்தாள். வீடு வந்ததும், "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு" என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலம் சின்னதுரை வந்து கைகால் கழுவிவிட்டு டீயோடு உட்கார்ந்தபோது பவுன் சொன்னாள். சிரிப்பான், இல்லாவிட்டால் டாக்டரிடம் போகலாம் என்பான் என்று நினைத்தாள். அவன் டீயைக் கீழே வைத்தான்.

"எந்தப் பை?"

"கித்தான் பைதாங்க."

அவன் சுவரிலிருந்த ஆணியைப் பார்த்தான். பிறகு மெல்லிய குரலில் பேசினான்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரில ஒரு துணில சுத்திக் கொடுத்தாங்க பவுனு. கையில வாங்குனேன். நடக்க முடியல. கால் வரல எனக்கு. உனக்கு மாத்துத்துணி கொண்டாந்த பை கூடவே இருந்துச்சு. கேஷவ்தான், இதுல வெப்போம், ஆளுக்கொரு பக்கமா புடிச்சுக்கலாம்னான். நான் ஒரு காது, அவன் ஒரு காது. அப்படித்தான் மயானம் வரைக்கும் தூக்கிட்டுப் போனோம். வந்து தொவைச்சு ஆணில மாட்டிட்டேன். நீ அதையே எடுத்துட்டுக் கடைக்குப் போனப்போ எனக்கு உசுரே போச்சு. சொல்ல வாய் வரல."

"பாரமா இருந்தாளா?"

"இல்ல" என்றான். "பாரமே இல்ல. அதான் தாங்க முடியல."

அந்த ஞாயிற்றுக்கிழமை கேஷவையும் சேர்த்து மூன்று பேரும் புதைத்த இடத்துக்குப் போனார்கள். இடம் கேஷவுக்குத்தான் சரியாகத் தெரிந்திருந்தது. முளா ஆற்றங்கரை மயானத்தில், சிறு குழந்தைகளைப் புதைக்கிற ஓர் ஒதுக்கு. அடையாளம் எதுவும் இல்லை. களை மண்டிக் கிடந்தது. சின்னதுரை ஒரு மண்வெட்டி கொண்டு வந்திருந்தான். பையையும் அங்கேயே புதைத்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று எண்ணியிருந்தான். கேஷவும் அதுதான் நல்லது என்றான்.

பவுன் பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"இதப் பொதைச்சிட்டா அவ எதப் புடிச்சிட்டு வருவா?" என்றாள்.

இரண்டு ஆண்களும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. மண்வெட்டியால் களையை மட்டும் கொத்திச் சுத்தம் செய்துவிட்டுத் திரும்பினார்கள்.

கடைசி மாதங்களில் ரத்தக் கொதிப்பு ஏறியது. டாக்டரம்மா முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் வந்து படுக்கச் சொன்னார். எஸ்தர் காலையிலும் மாலையிலும் வந்து பார்த்துக்கொண்டாள். அறுவை செய்து ஆண் குழந்தையை எடுத்தார்கள். எடை குறைவு, ஆனால் குரல் பலமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து உடம்பு தேறியதும் பவுன் மறுபடி பஜாருக்குப் போனாள். சந்துப் பெண்கள் முறை வைத்துத் துணைக்கு வந்தார்கள். கொள்முதல் பழையபடி நடந்தது. ஒன்று மட்டும் மாறியது. மிச்சமான பணத்திலிருந்து முதலில் ரிக்‌ஷாவுக்கு எடுத்து வைத்த பிறகுதான் மீதியைப் பிரித்தார்கள். பவுன் சில நாள் வேண்டுமென்றே ரயில் பாதையோரம் கொஞ்ச தூரம் நடந்து, ஒரு காதை நழுவவிட்டுப் பார்த்தாள். பை ஒரு பக்கம் சாய்ந்து தரையில் உரசியது. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். முன்பு பயந்ததைவிட இது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. அடங்கிவிட்டாள் என்று சின்னதுரை ஆறுதல் சொன்னான். கோபித்துக்கொண்டு போய்விட்டாளோ என்றிருந்தது பவுனுக்கு.

பிள்ளைக்கு மூன்றாம் தடுப்பூசி போட அரசு மருந்தகத்துக்குப் போனார்கள். ஊசியை எடுத்து வைத்துக்கொண்டே நர்ஸ் மராத்தியில், "முதல் குழந்தையா?" என்று கேட்டாள்.

"ரெண்டாவது" என்றாள் பவுன்.

"பெரியவனுக்கு என்ன வயசு?"

"பொண்ணு. நாலு முடிஞ்சு அஞ்சு நடக்குது."

"அப்போ ஸ்கூலுக்கு எழுதிப் போடணுமே இந்த வருஷம்."

சின்னதுரை சட்டென்று அவள் பக்கம் திரும்பினான். பவுன் பிள்ளையின் தொடையை ஊசிக்கு வாகாகத் திருப்பிப் பிடித்தபடி, "ஆமாங்க, போடணும்" என்றாள். ஊசி ஏறியது. பிள்ளை வீறிட்டு அழத் தொடங்கினான்.