அத்தை சொன்ன பேர்

வேண்டாவுக்கு நாற்பத்திரண்டு வயது. நாலாவதும் பெண்ணாகப் பிறந்துவிட்டதே, அடுத்ததாவது ஆணாகட்டும் என்று படாளத்தில் அவளுக்கு வைத்த பேர் அது. அடுத்த வருஷமே தம்பி ராஜேந்திரன் பிறந்துவிட்டான். அன்றிலிருந்து ஊரே அதை ராசியான பேர் என்றது. அநியாயத்தைப் பாருங்கள்! திட்டினால் திருப்பித் திட்டலாம். ராசி என்று கொண்டாடுகிறவர்களை என்ன செய்வது?

சிங்கப்பெருமாள் கோயிலில் ஓர் அடுக்குமாடி வீட்டில் அவளுக்குச் சமையல் வேலை. அங்கே குடியிருந்தவர் தொழிற்சாலைக்காக வந்த செக் நாட்டு இன்ஜினியர், மிலன். அந்தப் பேருக்கு என்ன அர்த்தம் என்று ஒரு நாள் டிரைவர் மோகனை விட்டுக் கேட்டாள்.

"அவங்க பக்கத்துல 'மில்'னா பிரியமாம்க்கா. ரொம்பப் பழைய வார்த்தையாம். செல்லப்புள்ளன்னு வெச்சுக்கோயேன். பொண்ணா இருந்தா மிலேனாவாம்."

மிலன் பதிலுக்கு அவள் பேரின் அர்த்தத்தைக் கேட்டார். வேண்டாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"சாமி பேருன்னு சொல்லு மோகன்."

மோகன் தலையைக் குனிந்துகொண்டு அப்படியே சொன்னான்.

அந்த மாசமே ராஜேந்திரனுக்கு மூன்றாவது பெண் பிறந்தது. காதில் மூன்று தரம் பேர் சொல்ல வேண்டியவள் அத்தை. மிலேனா என்றுதான் சொல்லப்போகிறேன், எவன் தடுக்கிறான் பார்க்கலாம் என்று வைராக்கியமாகப் பஸ் ஏறினாள்.

"உன் பேரையே வெச்சுடலாம்க்கா," என்றான் ராஜேந்திரன். "அத வெச்சதாலதான நானே பொறந்தேன்?"

"இன்னாடா பேசுற? பள்ளிக்கூடத்துல அந்தப் பேரைக் கூப்ட்டாலே சிரிப்பானுங்க. பொண்ணு பாக்க வந்தவன் காப்பிகூடக் குடிக்காம எழுந்து போனான். நான் பட்டது போதாதா? வேற பேரு கீது, மிலேனா."

"அப்ப எனக்குப் பையன் வேணாமா?"

அவன் கண் கலங்கியது. அவன் கெட்டவன் இல்லை. அதுதான் வேண்டாவின் வயிற்றை எரித்தது.

குழந்தையை மடியில் வைத்தார்கள். காதருகே குனிந்தவளின் கையைப் பிள்ளை பெற்ற ஜெயப்பிரியா பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, அவர் கேக்கற பேரையே சொல்லிடு. வேற பேரு வெச்சு அடுத்ததும் பொண்ணாயிட்டா, பழி எம்மேலதான். அம்மா வூட்டுக்கே அனுப்பிடுவாரு."

பிரசவமாகிப் பதினாறே நாளான உடம்பு அவளுக்கு. வேண்டா அந்தச் சின்னக் காதில் தன் பேரைச் சொன்னாள். மூன்றாவது தரம் குரல் எழும்பவில்லை.

"சத்தமா சொல்லுக்கா," என்றான் தம்பி.

சத்தமாகவே சொன்னாள்.

திங்கட்கிழமை, குழந்தைக்கு என்ன பேர் என்று மிலன் ஆசையாக விசாரித்தார். "என் பேருதான் வெச்சுகீது," என்றாள். மோகன் தயங்கித் தயங்கிச் சொல்ல, மிலனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கையெடுத்துக் கும்பிட்டு ஏதோ சொன்னார்.

"இன்னாவாம்?"

"சாமி பேரு வெச்சுகீதாம்," என்றான் மோகன். "குடுத்து வெச்ச குழந்தையாம்க்கா."