இடி இடித்தால் அணைக்கும் ஊரில் ஒரு சுவிட்ச் மொடியூல்

ஊவாவில் பிறந்த எவருக்கும் சோறு ஊட்டும்போதே ஊட்டிவிடுகிற சட்டம் ஒன்று உண்டு. இடி இடித்தால் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். டிவி வயரைப் பிடுங்கு, போனை ஆஃப் பண்ணு, மெயினை இறக்கு. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் யாராவது டிவியை ஓடவிட்டால், பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டிச் சத்தம் போடுவாள். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். பதுளை டவுனுக்கு வந்து அந்தச் சட்டம் என் வேலையின் தலையில் விழும்வரை எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

எங்கள் ஆபீஸ் ஒரு ஹாட்வெயார் கடையின் மேல்மாடியில் இருக்கிறது. தோட்டங்களில் மழைமானி வைத்து, மழை அளவு மீறினால் சரிவுக்குக் கீழே குடியிருப்பவர்களின் போனுக்கு எச்சரிக்கை அனுப்புகிற சின்ன அமைப்பு நாங்கள். மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதற்குப் பிறகு இந்த மலைகளில் மழை பிடித்தால் யாருக்கும் நிம்மதி கிடையாது. பூனாகலைப் பக்கம் ஒரு சரிவின் அடியில் உள்ள லயத்தில் என் அக்கா இருக்கிறாள். வேறு இடத்தில் வீடு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அதுவரைக்கும் அவளுக்கும் அந்த மலைக்கும் நடுவில் இருப்பது எங்கள் ஆபீஸிலிருந்து போகிற அந்த ஒரு செய்திதான்.

செய்தியை அனுப்புவது ஒரு பிளேடு சேர்வர் பெட்டி. கொழும்பில் ஒரு கம்பனி கழித்துவிட்டதை எங்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. ஒரே இரும்புக்கூட்டுக்குள் தட்டுத் தட்டாகப் பல சேர்வர்கள் செருகியிருக்கும். தனித்தனியாக அவற்றுக்கு வெளியுலகத் தொடர்பு கிடையாது. பின்பக்கம் செருகிய சுவிட்ச் மொடியூல் வழியாகத்தான் எல்லாமே போக வேண்டும், வர வேண்டும். ஒரு லயத்துக்கே ஒரே ஒரு தண்ணீர்ப் பீலி இருந்து எல்லா வீட்டுக்காரரும் அங்கேயே குடத்தோடு நிற்பது மாதிரி. இப்படிப்பட்ட பெட்டியில் ஒன்று பழுதானால் இன்னொன்று கைகொடுக்க இரண்டு மொடியூல்கள் வைப்பதுதான் முறை. எங்களுக்கு வந்தது ஒன்று. மற்ற இடத்தை மூடி ஒரு வெறும் தகடு. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நான் பார்த்தேன், பல்லே இல்லை.

அதை நிறுவிக் கொடுக்கக் கொழும்பிலிருந்து ஓர் இஞ்சினியர் வந்தார். மழைமானிகளின் தரவுக்கு ஒரு பாதை, எங்கள் கணினிகளுக்கு ஒரு பாதை என்று மொடியூலுக்குள் பிரித்து வைத்தார். எல்லாம் வேலை செய்தது. கைகழுவிவிட்டு, பக்கத்தில் எல்ல என்கிற ஊர் அழகான இடமாமே என்று போய்ச் சேர்ந்தார்.

மறுநாளே மத்தியானம் இடி இடித்தது. கடை முதலாளி கீழே மெயினை இறக்கினார். மேலே யுபிஎஸ் கீக் கீக்கென்று கத்தத் தொடங்கியது. கரண்ட் போனாலும் சேர்வர் அணையாமல் காக்கிற பெட்டரிப் பெட்டி அது. கத்துவதும் அதன் வேலைதான். நான் வெளியே போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் ஆபீஸே மையிருட்டு. முதலாளி மாற்றுச் சாவியோடு மேலே ஏறி, யுபிஎஸ்ஸையும் அணைத்து, வயர்களையெல்லாம் பிடுங்கி வைத்திருந்தார்.

"அது கெடந்து கத்துது மகள், பாவமா ஈந்திச்சு," என்றார்.

"ஐயோ முதலாளி, அது கத்துறதுக்குத்தான் வாங்கியிருக்கு!"

"எரிஞ்சி பெய்த்தா ஒங்கட மிசின யாரு தாற? வயரு வழியாத்தான் இடி வரும். இந்த பஸார்ல நான் பாக்காத இடியா?"

அவரிடம் கோபப்படவும் முடியாது. மனுஷன் நல்லவர். ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் திரும்ப மாட்டிப் பெட்டியை உயிர்ப்பித்தேன். சேர்வர்கள் எழும்பின. மழைமானி ஒன்றிலிருந்தும் ஒரு எண்கூட வரவில்லை. மொடியூலுக்குள் போய்ப் பார்க்கிறேன், நேற்றுப் பிரித்த பாதைகள் எதுவுமே இல்லை. கடையிலிருந்து வந்த புதுச்சாமான் மாதிரித் துடைத்து வைத்த வெறுமை.

இஞ்சினியருக்குப் போன் போட்டேன். "சேவ் பண்ணினீங்களா சேர்?"

"ரீபூட் ஆகாதே மிஸ். அதை எதுக்கு ஆஃப் பண்ணுறீங்க?"

கிழிஞ்சுது போ. இந்த மாதிரிப் பெட்டிகளில் நாம் கொடுக்கிற கட்டளைகள் உடனே வேலை செய்யும், ஆனால் தற்காலிக நினைவில்தான் நிற்கும். கடைசியாக ஒரே ஒரு கட்டளை கொடுத்து நிரந்தர நினைவுக்கு ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் கரண்ட் போனதும் எல்லாம் மறந்துபோகும். ஒரு வரி. அந்த ஒரு வரியை அடிக்க இவருக்குக் கை வரவில்லை, எல்லப் பாலத்தில் நின்று செல்ஃபி எடுக்கமட்டும் வந்திருக்கிறது. பாதைகளை நானே உட்கார்ந்து மறுபடி அமைத்தேன், சேமித்தேன், வேண்டுமென்றே அணைத்துப் போட்டேன், இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. வாய்விட்டுச் சிரித்தேன்.

சிரித்தது அடுத்த இடிவரைக்கும்தான்.

இந்தத் தடவை அமைப்பு மறக்கவில்லை. ஆனால் மொடியூலின் விளக்குகள் எல்லாம் பேய் பிடித்த மாதிரிப் படபடவென்று அடித்துக்கொண்டன, ஒரு தரவும் நகரவில்லை. கட்டளை அடித்தால் பதில் வர ஒரு யுகம் ஆனது. மேசைக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பெட்டியின் முதுகைப் பார்த்தேன். ஒரு கேபிளின் இரண்டு முனையும் அதே மொடியூலில் செருகியிருந்தது. உள்ளே போனது வெளியே வந்து, மறுபடி உள்ளே போய், செக்கு மாடு மாதிரிச் சுற்றிச் சுற்றி வழியை முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது.

"முதலாளி! இதை யாரு இங்க குத்தினது?"

"நான்தான் மகள். நீங்க வரமுந்தி எல்லாத்தயும் போட்டு வெச்சா ஒங்களுக்கும் லேசுதானே. ஒரு வயரு அந்தரத்துல தொங்கிச்சு. ஓட்டையும் ஒண்டு சும்மா ஈந்திச்சு."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். இப்படி வளையம் விழுந்தால் தானாகக் கண்டுபிடித்து வழியை மூடுகிற வசதி மொடியூலிலேயே உண்டு. கொழும்புக்காரர் அதையும் அணைத்து வைத்திருந்தார். இயக்கினேன். பயன்படாத துளைகளை எல்லாம் கட்டளையால் மூடினேன். ஒவ்வொரு கேபிளிலும் எங்கே போக வேண்டும் என்று எழுதி ஒட்டினேன். சேமித்தேன், இரண்டாவது தரமும் சேமித்தேன். ஒன்று சரி செய்தால் இன்னொன்று. சாண் ஏறினால் முழம் சறுக்குகிற பிழைப்பு.

ஆனாலும் மூல வியாதி அப்படியேதான் இருந்தது. மின்னல் வெட்டி மழை கொட்டுகிற நேரம் பார்த்து இந்த மனுஷன் பெட்டியைக் கொன்றுவிடுகிறார். எந்த நேரத்துக்காக அந்தப் பெட்டி இருக்கிறதோ சரியாக அந்த நேரத்தில் அது செத்துக் கிடக்கிறது. படிக்கட்டில் நின்று இதைச் சொல்லி ஒருநாள் கத்திவிட்டேன். "என் அக்கா மண்ணுக்குள்ள போனா நீங்க வருவீங்களா தோண்ட?" என்று கேட்டேன். அவர் முகம் விழுந்துபோனது. கடைக்குள் போய், நல்ல செம்புக்கம்பி ஒன்றைத் தன் சாமான் ராக்கையிலிருந்து எடுத்து வந்தார். நிலத்தில் புதிதாக எர்த் இறக்கினோம். இடியின் அதிர்ச்சி தாங்குகிற தடுப்புகள் பூட்டினோம். மேல்மாடிக்கென்று தனி மெயின் வைத்தோம். அதற்குப் பிறகு இடி இடிக்கும்போதெல்லாம் முதலாளி கீழே தன் மெயினை இறக்கிவிட்டு, என் மெயினுக்குப் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேதனையோடு நிற்பார். தொடமாட்டார். "எரிஞ்சா எனக்கிட்ட வந்து சொல்ல வேணாம்," என்பார்.

எரியவில்லை. அப்படித்தான் அந்த மழை நாளும் வந்தது.

காலையிலிருந்தே பெய்தது. மத்தியானம் வானம் உடைந்த மாதிரி இடி. டவுன் முழுக்கக் கரண்டை அணைத்துவிட்டு இருட்டுக்குள் உட்கார்ந்திருந்தது. எங்கள் அறையில் மட்டும் மொடியூலின் பச்சை விளக்குகள் ஒழுங்காக, அமைதியாக எரிந்தன. பூனாகலைப் பக்கத்து மழைமானியின் அளவு ஏறிக்கொண்டே போய்க் கோட்டைத் தாண்டியது. எச்சரிக்கை தானாகப் போனது. திரையில் 'அனுப்பப்பட்டது' என்று விழுந்தது. என்னை நானே தூக்கிச் சுற்றலாம் போல் இருந்தது.

அப்புறம் அடுத்த கட்டத்தைப் பார்த்தேன். 'சென்றடைந்தது' என்று வர வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அக்காவின் எண்ணுக்கு நேரே வெறுமை. பக்கத்து வீட்டுக்கு நேரே வெறுமை. அந்த லயம் முழுக்க வெறுமை.

அக்காவுக்கு அடித்தேன். போன் ஆஃப். அந்த லயத்துக் கோயில் தலைவருக்கு அடித்தேன். ஆஃப். தோட்டத்து ஆபீஸ் லேண்ட்லைன் மணி மட்டும் போய்க்கொண்டே இருந்தது. வயரைக் கழற்றி வைத்திருப்பார்கள். பின்னே கழற்றாமல்? இடி இடிக்கிறதே! இத்தனை மாதம் ஒரு மெயினோடு மல்லுக்கட்டிய எனக்கு, மலை முழுக்க அதே கை அதே நேரத்தில் போனை அணைக்கும் என்பது எப்படி உறைக்காமல் போனது? அந்த விளக்குகளைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது. எழும்பி நின்று அழுதேன்.

முதலாளி வாசலில் நின்றார். "என்னா மகள், எரிஞ்சா?"

"எரியல முதலாளி. எல்லாரும் போனை ஆஃப் பண்ணிட்டாங்க. அக்கா லயத்துக்கு மேல மலையில தண்ணி ஊறி நிறைஞ்சிருக்கு."

அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். அவருடைய லொறி அன்றைக்குத் தகரம் ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம்தான் போயிருந்தது. டயர் ரப்பர்தானே, லொறிக்குள் இடி வராது என்று வாதாடுகிற டிரைவர் ஒருவர் அவருக்கு வாய்த்திருந்தார். அதனால் அந்த மலையிலேயே அந்த டிரைவரின் போன் மட்டும் உயிரோடு இருந்தது. முதலாளி தன் போனை ஆன் பண்ணினார். ஜன்னலில் மின்னல் வெட்டியபோது போனைக் காதிலிருந்து தூரப் பிடித்து, அப்புறம் மறுபடி காதில் வைத்துச் சத்தமாகப் பேசினார். "லயத்துக்குப் போ. ஹோர்ன கைய எடுக்காம அடி. சனத்தை எல்லாம் ஸ்கூலுக்கு ஏத்து. தகரத்தை ரோட்டுல எறிஞ்சிட்டுப் போ!"

அக்கா பின்னேரம் பாடசாலையிலிருந்து யாருடைய போனிலோ பேசினாள். ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை.

"ஏன்டி, இடி இடிக்கிறப்ப போனை வச்சிக்கிட்டு இருக்கச் சொல்றியா? லொறிக்காரன் வந்து கத்துறான், ஒன் தங்கச்சி அங்க அழுவுறான்னு. மானம் போச்சு."

"லயம் எப்படிக்கா இருக்கு?"

அவள் குரல் இறங்கியது. "கடைசி வீடுங்க மேல மண்ணு வந்துருச்சு. நம்ம குசினி இல்ல. உள்ள யாரும் இல்ல. எல்லாரும் லொறியில வந்துட்டோம்."

அவள் இப்போது அதே தோட்டத்தில் கொஞ்சம் தள்ளி வேறொரு லயத்தில், கொழுந்தனாரின் ஒற்றை அறைக் காம்பிராவில் இருக்கிறாள். மேலே அதே மலைதான். வீடு தருவதாக இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

இடி இடித்தால் அவள் இப்போது போனை அணைப்பதில்லை. பழைய சேலையில் சுற்றி அரிசி டின்மேல் வைத்து, பயந்துகொண்டே ஒரு விரலால் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். ஒரு சேர்வர் உயிரோடு இருக்கிறதா என்று அறிய நாங்கள் அதற்கு ஒரு சிறு குறி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்போம். அதை இவள் தானாகவே கண்டுபிடித்துவிட்டாள், என் உயிரையும் வாங்குகிறாள். தூரத்தில் மேகம் உறுமினாலும் அடிப்பாள், மீட்டிங்கில் இருந்தாலும் அடிப்பாள். "சும்மா முழங்குறதுக்கெல்லாம் அடிக்காதேக்கா," என்றால், "நீதானே ஆஃப் பண்ணாதேன்னே," என்பாள்.

நேற்று மத்தியானமும் இடித்தது. மொடியூல் அதன் பாட்டுக்கு எரிந்தது, நான் அதைப் பார்க்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கீழே முதலாளி தன் மெயினை இறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் படிக்கட்டிலிருந்து அவர் குரல்.

"மகள், அடிச்சாவா?"

"இன்னும் இல்ல முதலாளி."

அவர் போகவில்லை. இருட்டில் அங்கேயே நின்றார். போன் ஒரு தரம் அதிர்ந்து நின்றது.

"அடிச்சிட்டா," என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்று சொல்லிவிட்டு அவர் கீழே இறங்கிப் போனார்.