பஞ்ச் ரூமிலிருந்து மாடிக்கு

எண்பதுகளின் தொடக்கத்தில் பம்பாய் ஃபோர்ட் பகுதியில் ஒரு பெரிய கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் எனக்கு வேலை. பஞ்ச் ஆப்பரேட்டர் என்று பெயர். எங்கள் கம்ப்யூட்டரிடம் அப்போது நேராக எதையும் சொல்லிவிட முடியாது. மாடியில் இருக்கும் புரோகிராமர்கள் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் எழுதி அனுப்புவார்கள். கீழே நாங்கள் அதை மெஷினில் அடித்தால் தடித்த அட்டையில் சின்னச் சின்னத் துளைகளாக விழும். ஒரு வரிக்கு ஓர் அட்டை. அட்டைகளைக் கட்டி மாடிக்கு அனுப்பினால் கம்ப்யூட்டர் துளைகளைப் படித்துக்கொள்ளும்.

பஞ்ச் ரூமில் எல்லோரும் பெண்கள். எல்லா மெஷினும் ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் இருப்பவள் கத்தினாலும் கேட்காது. உதட்டைப் பார்த்தே பேசப் பழகியிருந்தோம். யாருக்கு மாமியாரோடு சண்டை, யாருக்குப் பிள்ளை பாஸாகவில்லை என்பதெல்லாம் அந்த இரைச்சலுக்குள் சத்தமில்லாமல் ஓடும்.

எனக்கு அடுத்த மெஷினில் இருந்தவள் மாட்டுங்காக்காரி. அவள் வெரிஃபையர். நான் அடித்த அட்டையை, அதே தாளைப் பார்த்து அவள் மறுபடி அடிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மெஷின் நின்று சிவப்பு விளக்கு எரியும். அவள் என் பக்கம் திரும்பி ஒற்றைப் புருவத்தைத் தூக்குவாள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு அட்டையை வாங்கிப் புது அட்டையில் அடிப்பேன். நான் செய்த வேலை அத்தனையையும் இன்னொருத்தி திரும்பச் செய்துகொண்டிருந்தாள் என்பது இப்போது நினைத்தால் விசித்திரமாக இருக்கிறது. அன்று அது சாதாரணம்.

எங்கள் வீடு தாராவியில். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா தோல் கிடங்கில் வேலை பார்த்தார். நான் காலையில் சயான் ஸ்டேஷனில் ஸ்லோ லோக்கல் ஏறி, லேடீஸ் டப்பா என்று நாங்கள் சொல்லும் பெண்கள் பெட்டியில் கைப்பையை வைத்து இடம் பிடிப்பேன். அடுத்த ஸ்டேஷனான மாட்டுங்காவில் அவள் ஏறுவாள். கடைசி ஸ்டேஷனான வி.டி. வரை பேச்சுத்தான். ஆபீசில் பேச முடியாததை எல்லாம் ரயிலில் பேசித் தீர்ப்போம்.

கம்ப்யூட்டர் பைத்தியம் எனக்கு எப்போது பிடித்தது என்று சொல்லத் தெரியவில்லை. அர்த்தம் தெரியாமல் அடித்துக்கொண்டிருந்த வரிகளில் சில சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. இஃப், மூவ், பெர்ஃபார்ம். இது இப்படி இருந்தால் அதைச் செய், இல்லாவிட்டால் அடுத்ததற்குப் போ. ஒருநாள் கை அடித்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தாள் என்ன சொல்கிறது என்று புரிந்தது. எங்கள் வீட்டில் என் சொல்லைக் கேட்டு யாரும் ஒரு சொம்பைக்கூட நகர்த்தியது கிடையாது. இங்கே எழுதினால் நடக்கிறது.

ஆபீஸ் லைப்ரரியில் கம்ப்யூட்டர் மேனுவல்கள் இருந்தன. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைப் பாதியில் மூடிவிட்டு அங்கே ஓடத் தொடங்கினேன்.

“எங்கேடி ஓடறே சாப்பாட்டு வேளைல? அந்தப் புஸ்தகம் என்ன, உனக்குத் தயிர்சாதம் போடறதா?” என்றாள் மாட்டுங்காக்காரி.

“எக்ஸாம் எழுதப் போறேன். புரோகிராமர் எக்ஸாம். நம்ம டிபார்ட்மென்ட்லயிருந்தும் எழுதலாமாம்.”

அவள் தன் டப்பாவை மூடினாள். பிறகு, “பாஸ் பண்ணிட்டா மாடிக்குப் போயிடுவியா?” என்று மட்டும் கேட்டாள்.

பாஸ் பண்ணினேன். போனேன்.

மாடி முழுக்க ஏ.சி. பம்பாய்ப் புழுக்கத்தில் ஸ்வெட்டரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் போன சிலரில் நானும் ஒருத்தி ஆனேன். அங்கிருந்தவர்கள் எல்லோரும் பெரிய கல்லூரிகளில் படித்த இளைஞர்கள். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். மத்தியானமானால் வட்டமாக உட்கார்ந்து அமெரிக்கா பேசுவார்கள். யாருக்கு விசா வந்தது, யார் டல்லாஸ் போனான். என் இங்கிலீஷ் அந்தப் பேச்சுக்குள் நுழைய ஓர் இடைவெளி தேடி நிற்கும். நுழைவதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடும். எங்கே வீடு என்று கேட்டால் சயான் என்பேன். தாராவி என்று சொன்ன நாளில் ஒருவன், “ஓ, ரியலி?” என்று சிரித்தான். கெட்ட எண்ணத்தில் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து சாப்பிடலானேன். கம்ப்யூட்டர் எல்லோரையும் சமமாக்கிவிடும் என்று பேசுகிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். அது பாதி உண்மை. மெஷின் என்னிடம் வீடு எங்கே என்று கேட்டதே இல்லை. கேட்டவர்கள் மனிதர்கள்தான்.

கம்ப்யூட்டர் வேலைக்கு மூளை வேண்டும் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தப்பு நம்முடையதாகத்தான் இருக்கும் என்று தினமும் ஒத்துக்கொள்கிற மனசு வேண்டும். அது எனக்கு இருந்தது. அதனால் வேலை வந்தது. நன்றாகவே வந்தது.

இரண்டு வருஷம் போல ஆனபின் டெர்மினல்கள் வந்தன. அட்டை வேண்டாம், திரையைப் பார்த்து நேராக அடிக்கலாம். திரையில் என்னென்ன கட்டம் வர வேண்டும், எது தப்பென்று மெஷினே எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கான புரோகிராமை என்னிடம் கொடுத்தார்கள். பஞ்ச் ரூம் எனக்குத் தெரியும் என்பதால்தான். மாடியில் என்னைத் தேடி வந்த முதல் பெரிய வேலை. சந்தோஷமாக எடுத்துக்கொண்டேன்.

விவரம் கேட்கக் கீழே போனேன். மாட்டுங்காக்காரி நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தாள். எந்த மாதிரித் தாளில் எந்தத் தப்பு அதிகம் வரும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். எல்லாம் முடிந்தபின் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“இது வந்துட்டா நாங்க என்னடி பண்ணுவோம்?”

“உங்க எல்லாருக்கும் டெர்மினல் குடுப்பாங்க. மேனேஜரே சொன்னார்.”

அவர் சொன்னது நிஜம். நான் நம்பியதும் நிஜம். ஆனால் டெர்மினல்கள் பஞ்ச் ரூமுக்கு வரவில்லை. அந்தந்த டிபார்ட்மென்ட்டுக்கே போயின. அங்கிருந்த குமாஸ்தாக்களே அடித்துக்கொண்டார்கள். பஞ்ச் ரூமைப் பூட்டி, பெண்களை ஊரெல்லாம் பிரித்துப் போட்டார்கள். அவளுக்குக் கிடைத்தது பாண்டுப்பில் இருந்த கம்பெனி கோடவுன்.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் வேலையைப் பறிக்கும் என்று ஆபீஸ் வாசல்களில் கோஷம் போடுவார்கள். எங்கள் பஞ்ச் ரூமில் யாருக்கும் வேலை போகவில்லை. சம்பளம்கூடக் குறையவில்லை. பக்கத்து நாற்காலிதான் போயிற்று. அதை யாரும் கோஷத்தில் சேர்க்கவில்லை.

பாண்டுப் எதிர்த்திசை. காலையில் நான் தெற்கே வி.டி.க்குப் போகும் நேரத்தில் அவள் மாட்டுங்காவில் ஏறி வடக்கே போவாள். நான் சயானில் நிற்கும்போது எதிர் பிளாட்ஃபாரத்தில் ஏதோ ஒரு ரயிலில் அவள் என்னைத் தாண்டிப் போகிறாள் என்று தெரியும். எந்த ரயில் என்று தெரியாது. போனில் கூப்பிட்டால் கோடவுனில் யாரோ ஹிந்தியில், “அபீ நஹீ ஹை”, இப்போது இல்லை என்று சொல்லி வைத்துவிடுவார்கள்.

ஒரு மழைநாள் காலை வண்டிகள் எல்லாம் தாமதம். எதிர் பிளாட்ஃபாரத்தில் ஒரு ரயில் வெகுநேரமாக நின்றிருந்தது. லேடீஸ் டப்பா கம்பியருகே அவள் முகம். நான் யோசிக்கவில்லை. பாலம் ஏறி ஓடி இறங்கி, வண்டி நகரும்போது ஏறிவிட்டேன்.

“பைத்தியமாடி நீ? உன் ஆபீஸ் அந்தப் பக்கம்!” என்றாள். என் தலையிலிருந்து வழிந்த தண்ணீரைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

“எம்மேல கோவமா?” என்றேன்.

அவள் நனைந்த முந்தானையைப் பிழிந்தாள்.

“கோவமெல்லாம் இல்லடி. உனக்கு அந்த வேலை பிடிச்சிருந்தது. எனக்கு உன் பக்கத்துல உக்காந்துண்டிருக்கறது பிடிச்சிருந்தது. அவ்வளவுதான்.”

கோடவுன் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “சத்தமே இல்ல. சாமான் பேரை எழுதிண்டிருக்கேன். யாரோட உதட்டையும் பாக்க வேண்டாம்” என்றாள். பிறகு அவள் பெண்ணின் பரீட்சை, என் அம்மாவின் முழங்கால் வலி என்று பேச்சுப் போயிற்று. காட்கோபரில் இறங்கிக்கொண்டேன். வண்டி போனபிறகும் வெகுநேரம் பிளாட்ஃபாரத்திலேயே நின்றேன். அன்றைக்கு ஆபீசுக்கு மத்தியானம்தான் போய்ச் சேர்ந்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. அவள் கணவருக்குப் பெங்களூர் மாற்றல் ஆனதாகவும் அவள் வேலையை விட்டதாகவும் யாரோ சொன்னார்கள். மாடியில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக அமெரிக்கா போனார்கள். போகும்போது கேக் வெட்டுவார்கள். நான் அங்கேயே இருந்தேன். அந்த டெர்மினல் புரோகிராமை மறுபடி கொடுத்தாலும் எழுதுவேன். அட்டையில் துளை போட்டே ஒரு தலைமுறைப் பெண்களின் கண் கெட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் வகுப்புகள் முளைத்த பிறகு, தாராவிப் பெண்கள் வந்து, “அக்கா, இதப் படிச்சா நல்லா இருப்போமா?” என்று கேட்டால், வேலை கிடைக்கும் என்று மட்டும் சொல்வேன்.

எண்பதுகள் முடியும் சமயம் செம்பூரில் ஒற்றை அறை வீடு ஒன்றுக்குக் குடிபோனேன். அம்மா ஒரு வாரம் வந்து இருந்தாள். வீடு பிடித்திருந்தது, ஆனால் அக்கம்பக்கத்தில் மனுஷ சத்தமே கேட்கவில்லை என்றாள். ஞாயிற்றுக்கிழமை நான் கட்டிலில் தாள்களைப் பரப்பி எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா கீழே உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள்.

“ஏட்டி, இத்தன வருசமா கேக்கணும்னு நெனச்சேன். நீ அந்த மெசினுக்கு எழுதிக் குடுக்கியே, அது திருப்பி ஏதும் சொல்லுமா?”

“தப்பா எழுதுனா சொல்லும்மா.”

“சரியா எழுதுனா?”

“ஒண்ணும் சொல்லாது. வேலையச் செய்யும்.”

அம்மா கீரைத் தட்டை என் பக்கம் தள்ளி, “இந்தா, இதையும் ஆய்ஞ்சுக்கிட்டே எழுது” என்றாள். நான் பென்சிலை வைத்துவிட்டுக் கீழே இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.