நீண்டுகொண்டே போன கால்மிதி

என் கையெழுத்து கோழிக்கிறுக்கல். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயில் வராததை எழுதியாவது பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுதுகிற தாளும் வேஸ்ட்தான். துணி வெட்டும்போது மேலே விரிக்கிற மார்க்கர் பேப்பரின் பின்பக்கம்.

எனக்கு நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை. நல்லூரில் மாடியில் ஓர் அறையில் குடியிருக்கிறோம். என் மனைவி தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுக்கிற கைமடி வேலை அவளுக்கு. கல்யாணம் ஆன புதிதில், "ஊட்டுக்குப் போலாமா?" என்று நான் கேட்டதற்கு அவள் நடுரோட்டில் நின்று சிரித்தாள்.

"ஊடாம்ல ஊடு! ஏன், உங்க ஊர்ல வீடே கிடையாதா?"

சிரித்தவளே கொஞ்ச நாளில் எங்கள் பேச்சுக்கு மாறிவிட்டாள். 'வாங்க, போங்க, சாப்டீங்களா' எல்லாம் வந்துவிட்டது. 'ஊடு' மட்டும் வரவில்லை. அது அவளுக்கு எப்போதும் வேடிக்கைதான்.

அவள் கை சும்மா இருக்காது. கம்பெனியில் கேட்டு வேஸ்ட் துணியை ஒரு பை நிறையக் கொண்டு வருவாள். நூல் தீர்ந்த அட்டைக் கோனில் சின்னச் சின்ன ஓட்டையாக வெட்டி பல்பின் மேல் கவிழ்ப்பாள். சுவர் முழுக்கப் புள்ளி புள்ளியாக வெளிச்சம் விழும். எழுத்து தப்பாக விழுந்த லேபிள்களை மடித்துப் பூவாக்கிக் கதவுக்கு மேல் தோரணம் கட்டுவாள். பனியன் துணியை நாடாவாக வெட்டி, பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்தால் கால்மிதி. நாங்கள் வெட்டித் தைக்கிற சட்டையெல்லாம் கப்பலேறிப் போய்விடும். யார் போடுகிறார்களோ தெரியாது. ஆனால் அந்த வருஷத்து நிறமெல்லாம் எங்கள் அறைக்குள் தங்கிவிடும். ஒரு வருஷம் அறை முழுக்க இளநீலம். இன்னொரு வருஷம் கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு. எங்களுக்குக் குழந்தை இல்லை. அறை வெறிச்சென்று இருந்ததாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

போன தீபாவளி கழிந்து, ஊரில் தனியாக இருந்த என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இவள் ஒரே மகள். அன்றைக்கே பஸ் ஏறினாள்.

தினமும் வேலை முடிந்து வந்ததும் போன் வரும். எனக்கு நேரிலேயே பேச வராது. போனில் கேட்கவே வேண்டாம்.

"சாப்டீங்களா?"

"ம்."

"ரசம் வெச்சீங்களா, கடையிலயா?"

"கடைல."

"சரி, வெக்கட்டுங்களா?"

"ம்."

இவ்வளவுதான் எங்கள் பேச்சு. அதற்குப் பிறகு போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கோன் விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

பொங்கல் சமயத்தில்தான் அதைக் கவனித்தேன். "சாப்ட்டியளா?" என்று கேட்டாள். அடுத்த நாள், "என்ன செய்யுதிய?" என்றாள். இங்கே வந்து அவள் நாக்கில் ஏறியதெல்லாம் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் என்னிடமிருந்து எவ்வளவு தூரம் போய்விட்டாள் என்பது எனக்கு அதில் தெரிந்தது. ஒருநாள் சொன்னாள், "இங்க பக்கத்துல எல்லாரும் பீடி சுத்துதாவ. நானும் தட்டு வாங்கலாம்னு பாக்குதேன்."

மடியில் வைத்துப் பீடி சுற்றுகிற தட்டு அது. வாங்கினால் அங்கேயே இருந்துவிடுவாள். 'வாங்காதே, வா' என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் படுத்துக் கிடக்கிற தாயை விட்டுவிட்டு வா என்று எப்படிச் சொல்வது? எங்கள் அறைக்குப் போவதோ ஆள் அகலத்துக்கு இரும்புப் படி. அதில் அந்த அம்மாவை எப்படி ஏற்றுவது? "ம்," என்றேன்.

அந்த வாரம் அவள் பின்னிய கால்மிதி நடுவில் பிய்ந்துபோனது. தூக்கிப் போட மனமில்லை. சுருட்டிப் பெட்டிக்கு மேல் வைத்தேன். புதிதாக ஒன்று நாமே பின்னிப் பார்ப்போம் என்று தோன்றியது.

கம்பெனித் துணியை நெடுக்காக விரித்து நெடுக்காகவே வெட்டிப் பழகிய கை என்னுடையது. அப்படியே நாடாவும் வெட்டினேன். அவள் இழுத்தால் நாடா பாம்புபோலச் சுருண்டு கயிறாகிவிடும். என்னுடையது பட்டையாகவே நின்றது. எவ்வளவு இழுத்தும் சுருளவில்லை. அன்றைக்கு முதல் தடவையாக நானே அவளுக்குப் போன் செய்தேன்.

"நாடா சுருள மாட்டேங்குது."

"என்ன நாடா?"

"கால்மிதிக்கு."

அந்தப் பக்கம் சிரிப்பு. "நெடுக்க வெட்டினியளா?"

"ஆமா."

"இத்தன வருசமா துணி வெட்டுதிய, கம்பெனிக்கு வெட்டுத மாதிரியே வீட்டுக்கும் வெட்டுனா எப்படி? குறுக்க வெட்டுங்க. குறுக்க வெட்டுனாத்தான் நீளும், சுருளும்."

அந்தச் சிரிப்புக்காகவே மறுநாள் இன்னொரு கேள்வி தேடினேன். இரண்டு நாடாவை எப்படிச் சேர்ப்பது? "முடிச்சுப் போடாதிய, கால்ல உறுத்தும். நுனியில ஓட்டை போட்டு, ஒண்ணுக்குள்ள ஒண்ண விட்டு இழுங்க." அதற்கடுத்த நாள், மஞ்சளுக்குப் பக்கத்தில் என்ன நிறம்? அடுத்த நாள், என்ன ஊசி? கேள்வி தீர்ந்தால் பேச்சு தீர்ந்துவிடும். கால்மிதி முடிந்தால் கேள்வி தீர்ந்துவிடும். அதனால் முடிக்காமல் பின்னிக்கொண்டே போனேன். வட்டமாகச் சுற்றித் தைக்க எனக்கு வரவில்லை. நேராகத்தான் வந்தது. பெட்டியைத் தாண்டி, அடுப்பைத் தாண்டிப் போனது.

கம்பெனி வேஸ்ட் போதாமல் வேஸ்ட் துணிக் கடைக்குப் போக ஆரம்பித்தேன். கடை பாய்க்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஏனுங்க, தெனமும் வர்றீங்க? ஊட்டம்மா வந்துட்டாங்களா?"

"இல்லீங்க பாய்."

"அப்புறம் யாரு பின்றது?"

"நானுங்க."

பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எவ்ளோ நீளம் ஆச்சு?"

கையை விரித்துக் காட்டினேன். போதவில்லை. கடை வாசலிலிருந்து தராசு வரைக்கும் கையைக் காட்டினேன்.

"அட, மந்திரி யாராச்சும் வர்றாங்களா உங்க ஊட்டுக்கு?" என்று சிரித்துவிட்டு, பச்சை மூட்டையை என் பக்கம் தள்ளினார். "மந்திரிக்குப் பச்சை போடுங்க. நல்லாருக்கும்."

வழியெல்லாம் அந்தக் கேள்வியையே யோசித்துக்கொண்டு வந்தேன். இவ்வளவு நீளத்தில் யார் நடக்கப் போகிறார்கள்? எங்கள் படிக்குக் கீழே தரையோடு ஓர் அறை. வடநாட்டுப் பையன்கள் காலி செய்து போனதிலிருந்து பூட்டிக் கிடந்தது. பூட்டைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வீட்டுக்கார அம்மாவிடம் போய், என் வாயால், நானே கேட்டேன். எனக்கே ஆச்சரியம்.

"எடுத்துக்குங்க சாமி, உங்களுக்கு இல்லாததா," என்றார்கள்.

அதன் பிறகு அவளிடம் ஒன்றை மட்டும் கேட்கவில்லை. ஈரத்தரையில் துணி வழுக்குமே, என்ன செய்வது என்பதை. அதை நானே யோசித்தேன். பஞ்சர் கடையில் கிழிந்த சைக்கிள் டியூப் கேட்டு வாங்கி, பட்டை பட்டையாக வெட்டி அடியில் வைத்துத் தைத்தேன். ரப்பரில் ஊசி இறங்காமல் விரலில் இறங்கியது.

நேற்று சாயங்காலம் அவளே கேட்டாள். "இன்னுமா முடியல? எம்புட்டு நீளம் வந்துட்டு?"

"கட்டில்ல இருந்து பாத்ரூம் வரைக்கும்."

"நம்மகிட்டக் கட்டிலே கிடையாதே?"

"கீழ் ரூம் காலியாச்சு. கேட்டுட்டேன். படி ஏற வேண்டாம். கட்டில் ஒண்ணு சொல்லி வெச்சிருக்கேன். கால்மிதி அடியில டியூப் தெச்சிருக்கேன், வழுக்காது."

நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதை அவளும் கேட்டிருக்க மாட்டாள். அந்தப் பக்கம் தூரத்தில், "யாருட்டி, மாப்பிள்ளையா?" என்று என் மாமியார் கேட்பது மட்டும் காதில் விழுந்தது. பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள்.

"கீழ ஊட்டுல வெளிச்சம் வருதுங்களா?"

ஊடு என்றாள். கிண்டல் இல்லாமல் சொன்னாள்.

"காலைல வருது," என்றேன்.

"வேற எதாச்சும் சொல்லணுமா?"

"இல்ல."

"வாயில வராட்டி எழுதியாச்சும் அனுப்புங்க," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

இன்றைக்குக் கம்பெனி லீவு. கால்மிதியைக் கீழே கொண்டுபோய் விரித்துவிட்டு வந்தேன். கோன் விளக்கைக் கழற்றி அங்கே மாட்டியிருக்கிறேன். பிறகு உட்கார்ந்து இவ்வளவும் எழுதினேன். இதைப் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்ப வேண்டும். இதில் எத்தனை இடத்தில் ர, ற மாறியிருக்கிறதோ. நல்லவேளை, சொல்ல வேண்டிய சொல்லில் அந்தத் தொல்லை இல்லை. ஒரே எழுத்துதான்.

வா. அத்தையையும் கூட்டிக்கொண்டு வா.

மாசி மாதம் பதினொன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.